வாசலுக்கு மேல் இருந்த வார்த்தை

வெள்ளி மாலைகளில் முருகன் கோவில் மண்டபத்தில் என்னோடு ஒரே பாயில் இருந்து பதிகம் ஓதுகின்ற தோழியரே, போன கிழமை என் இடம் வெறுமையாகக் கிடந்ததற்கு முழங்கால் காரணமன்று. நீங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் லித்துவேனியா நாட்டின் தலைநகராகிய வில்னியூசில் இருந்தேன். திரும்பி வந்து நான்கு நாளாகியும் என் பாதங்கள் மனோர் பார்க் நடைபாதையில் சரியாகப் பதியவில்லை. சோறு வடிக்கும்போது சட்டியின் ஆவிக்குள் செங்கற் கோபுரங்கள் எழும்புகின்றன. "இந்த வயசிலை இவ்வளவு எக்ஸைற் ஆகாதேங்கோ அம்மா" என்கிறாள் மகள். ஆகாமல் என்ன செய்வேன்? ஒன்பது வயதில் நான் வலம்வந்த நகரமொன்றை முதன்முறையாக இப்போதுதான் கண்டிருக்கிறேன்.

குழம்பவேண்டாம். காணாத தலத்தைக் கண்டதாகவே உருகிப் பாடும் மரபு நமக்குப் புதிதன்று. நான் அந்த நகரத்தை வலம்வந்தது லண்டன் ஈஸ்ட் ஹாமில், பதின்மூன்று படிகள் கொண்ட ஒரு மாடிப்படியில்.

அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியது ஒரு மார்கழியில். அப்பா இரண்டு வருடம் முந்தி வந்து ரெயில்வேயில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். இன்று சேலைக்கடையும் நகைக்கடையும் தோளோடு தோள் உரசி நிற்கும் ஹை ஸ்ட்ரீற் நோர்த்தில் அன்று ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிடையாது. மனோர் பார்க்கில் கோபுரம் இல்லை. எங்களுக்கு ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் கிடைத்திருந்தன. கீழே குசினி பொது. அதற்கும் கீழ்த்தளத்து அறைகளுக்கும் உரியவர் ஒரு லித்துவேனியப் பெண்மணி. அவர் பெயரை எங்களால் சொல்ல முடியவில்லை. அதிலிருந்த மெய்யெழுத்துகள் எங்கள் நாவுக்கு வழிவிடவில்லை. வீட்டுக்கார அம்மா என்றோம். நெடிய உருவம், நரைத்த தலையைச் சுற்றி எப்போதும் ஒரு துணி, விரல் நுனிகளில் தையல் ஊசியின் தழும்புகள். மேல்கோட் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. குசினியில் அவர் காய்ச்சும் பீற்றூட் சூப்பின் நிறத்தைப் பார்த்துவிட்டு, சாயம் காய்ச்சுகிறார் என்று நான் அம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

அவருடைய கணவர் கட்டடங்களுக்கு வரைபடம் வரையும் தொழில் செய்தவர். போரின் முடிவில் இருவரும் வில்னியூசைவிட்டு ஓடி, ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் சில வருடம் கிடந்து, பின்பு லண்டன் வந்தவர்கள். முகாமில் செய்வதற்கு வேலை இல்லாத நாட்களில் அந்த மனிதர் தம் நகரத்தை நினைவிலிருந்தே பென்சிலால் வரைந்தார். நாங்கள் வந்தபோது அவர் உயிரோடில்லை. அவருடைய நகரம் மாடிப்படிச் சுவரில் கண்ணாடிச் சட்டங்களுக்குள் மேலிருந்து கீழ்வரை தொங்கியது.

உச்சிப்படியில் ஒரு குன்று, அதன்மேல் எட்டுப்பட்டைச் செங்கற் கோபுரம். பக்கத்துக் குன்றில் மூன்று வெள்ளைச் சிலுவைகள். இரண்டு படி இறங்கினால் தூண்கள் தாங்கிய வெண்ணிறப் பெருங்கோவில். கூரையின்மேல் மூன்று சிலைகள். மணிக்கோபுரம் மட்டும் கோவிலோடு ஒட்டாமல், கோபித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்ட பிள்ளைபோலத் தனியே நின்றது. அதற்குக் கீழே வளைந்து போகும் ஓர் ஒடுங்கிய தெரு. பின்பு, என் உயிருக்கு உயிரான படம்: தீயின் நாக்குகளைச் செங்கல்லால் செய்து அடுக்கியது போன்ற ஒரு தேவாலயம். ஊர்மீது படையெடுத்து வந்த சக்கரவர்த்தி ஒருவன் அதைக் கண்டு மயங்கி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுபோக ஆசைப்பட்டானாம். வீட்டுக்கார அம்மா சட்டத்தின் அடியில் தம் உள்ளங்கையை விரித்து வைத்து அந்தக் கதையை எனக்கு நடித்துக் காட்டினார். கடைசியாக நகரமண்டபம்.

படிகள் முடிகிற இடத்தில் வீட்டின் முன்கதவு. அந்தக் கதவுக்கு மேலே, வெளியே பார்த்தபடி அல்ல, உள்ளே எங்களைப் பார்த்தபடி, பென்சிலால் அல்லாமல் வர்ணத்தில் அச்சிட்ட ஒரு படம். பொன்னாடை போர்த்திய ஒரு தாய். முகம் மாநிறம். தலையைச் சற்றே சரித்துக் கைகளை மார்பில் குறுக்காக வைத்திருந்தாள். முடியைச் சுற்றிக் கதிர்கள், அடியில் ஒரு வெள்ளிப்பிறை. படத்துக்குள் அவளைச் சுற்றிய சுவர் முழுவதும் சின்னச்சின்ன வெள்ளி இருதயங்கள். மாதா என்று அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரிலே சைவ வீட்டாரும் மாதா கோவிலுக்கு நேர்த்தி வைப்பவர்கள்தானே.

"உதுகள் நேர்த்தித் தகடு பிள்ளை" என்று அம்மா வெள்ளி இருதயங்களைக் காட்டினார். "எங்கடை கோவிலிலை கண்மலர் சாத்துறமெல்லே, அது மாதிரி. பிறையும் இருக்கு. மாதாவெண்டால் என்ன, அம்மாளெண்டால் என்ன. தாய்தானே."

பாடசாலை விட்டு வந்ததும் நான் தலயாத்திரை தொடங்குவேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு தெருவில் இறங்கி, மூச்சுக்காற்றால் அந்த ஊரில் பனிமூட்டம் உண்டாக்கித் துடைத்துவிடுவேன். சுவரில் மரத்தைலமும் வேகவைத்த கோவா இலையும் மணந்தன. ஒருநாள் வீட்டுக்கார அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, மூன்று சிலுவைகளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். வாயால் வெடிச்சத்தம் செய்து காட்டினார். பின்பு கோவில் கூரையின் மூன்று சிலைகளையும் விரலால் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். போருக்குப் பின் ஊரைப் பிடித்த புதிய ஆட்சியாளர் செய்தது அது என்று விளங்கிக்கொண்டேன். கையை எடுத்தபோது படத்தில் எல்லாம் இருந்தபடியே இருந்தன. அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்துபோனது.

இப்போது விளக்கின் கதைக்கு வருகிறேன்.

அம்மா ஊரிலிருந்து ஒரு சிறிய பித்தளைக் குத்துவிளக்கை விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வந்த அன்றே அது பெட்டிக்குள் போயிற்று. மேல்மாடியில் எந்த நெருப்பும் பற்றவைக்கக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் முதலாவது கட்டளை. ஒரு தைவெள்ளிக் காலையில், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தேநீர்க் கோப்பையில் கைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தன் முடிவைச் சொன்னார்.

"விளக்குக் கொளுத்தாத வீட்டிலை நான் பிள்ளை வளர்க்கமாட்டன். பங்குனிக்குள்ளை ஒரு வழி பாருங்கோ. இல்லாட்டி நானும் பிள்ளையும் ஊருக்குப் போறம்."

"எத்தினை கதவு தட்டினனான் தெரியுமோ? முகத்தைக் கண்டவுடனை சாத்தினவை. இவ ஒருத்திதான் உள்ளுக்கு வா எண்டவ. அவவிட்டைப் போய் நெருப்புக் கேட்கச் சொல்லுறீரோ?"

"நெருப்புக் கேட்கேல்லை. விளக்குக் கேட்கிறன்."

"இஞ்சத்தை ஆக்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப ரிக்கெற்றைப் போடுங்கோ."

அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இரண்டு வருடம் காணாதிருந்த அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. அவர் சட்டையின் இயந்திர எண்ணெய் வாசனை அப்போதுதான் எனக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பங்குனி என்பது ஒரு மாதமாக அன்றி ஒரு கத்தியாக என் தலைக்குமேல் தொங்கியது. அப்பா கேட்கவே இல்லை. கேட்டால் அறையும் போய்விடும் என்று பயந்தார். மாசியும் நடுவை எட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவே கேட்கத் துணிந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தலைக்குத் தோய்ந்து, சேலை மாற்றி, விளக்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்கதவடியில் போய் நின்றார். நான் நகரமண்டபப் படத்துக்குக் கீழே கடைசிப்படியில் இருந்தேன். வேலை முடிந்து கதவைத் திறந்து வந்த வீட்டுக்கார அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மா துவாயை விலக்கி விளக்கைக் காட்டினார். பின்பு கதவுக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினார்.

"இவவுக்கு முன்னாலை... விளக்கு... கொளுத்தட்டோ?" என்று தமிழிலேயே கேட்டார்.

வீட்டுக்கார அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தார். கையை நெஞ்சில் வைத்தார். "அவுஷ்ரோஸ் வார்த்தை" என்றார்.

அம்மா திகைத்துப்போனார். "வார்த்தையோ?"

அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் கேட்டதும் வீட்டுக்கார அம்மாவின் முகம் மலர்ந்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஊசித்தழும்பு விரல்களால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வார்த்தை, வார்த்தை" என்று தலையாட்டினார். பிறகு விறுவிறென்று உள்ளே போய்விட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "கேட்டியே பிள்ளை? வார்த்தை தந்திட்டா. தமிழிலையே தந்திட்டா."

"அவவுக்குத் தமிழ் எங்காலை தெரியும்?"

"தாய் பேசவைச்சால் தெரியாதே?"

"முதல் சொல்லு?"

"அது அவையின்ரை பாசையிலை சத்தியமாக்கும்" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கார அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் அம்மா ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியின்மேல் மாதாவின் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தார். கதவோரம் மீற்றர்ப் பெட்டியின்மேல் விளக்கை நிறுத்தித் திரியிட்டுக் கொளுத்தினார். மூன்று மாதம் தொண்டைக்குள் அடைத்துவைத்திருந்த குரலெடுத்துப் பள்ளியெழுச்சி பாடினார். பித்தளையில் துளிர்த்த அந்தச் சுடர் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் ஒரு பொட்டாக எரிந்தது. கோட்டைக்குள் ஒரு வெளிச்சம், பெருங்கோவிலுக்குள் ஒரு வெளிச்சம். நான் படிகளில் ஏறி இறங்கி ஓடினேன். ஊர் முழுக்க விளக்கேற்றியாயிற்று.

அந்நேரம் பார்த்து அப்பா ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தார்.

அவர் விளக்கைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், தெருவைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். "ஐயோ, கெடுத்திட்டீரே" என்றபடி அப்பா குனிந்து விளக்கை ஊதினார். வாயால் ஊதி விளக்கை நூர்ப்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பிழை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்டூலில் ஏறி ரெயில்வேக் கோட்டின் கையால் குங்குமத்தைத் துடைத்தார். அது போகவில்லை. மாதாவின் நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பாக இழுபட்டது.

வீட்டுக்கார அம்மா உள்ளே வந்தபோது திரி புகைந்துகொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "ஹூ புட் இட் அவுட்?" என்றார்.

அவர் கேட்டது, அணைத்தது யார் என்று. பயத்தில் அப்பாவின் காதில் விழுந்தது, வைத்தது யார் என்று. "சொறி மேடம். என்ரை மனுசி. அவவுக்கு ஒண்டும் தெரியாது" என்று, தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கூட்டிப் பொறுக்கிச் சொன்னார். வீட்டுக்கார அம்மா அம்மாவைப் பார்த்த பார்வையில் அப்படியொரு வேதனை இருந்தது. அம்மாவோ நிமிர்ந்து நின்றார்.

"கொளுத்தினது நான். நூத்தது அவர். பிள்ளை, அவவுக்குச் சொல்லு."

இரண்டு மாதப் பாடசாலை ஆங்கிலத்தில் எனக்கு அணைப்பதற்கு வினைச்சொல் இல்லை. அம்மாவைத் தொட்டு, "மதர் ஃபயர்" என்றேன். அப்பாவைக் காட்டி, "ஃபாதர் நோ ஃபயர்" என்றேன்.

பின்பு வீட்டுக்கார அம்மா கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதில் திரி பிடித்தது. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெருச்சேறு படிந்த கால்துடைப்பான்மேல் அப்படியே முழந்தாளிட்டார். அந்தச் சிவப்பு இழுவையை அவர் துடைக்கவில்லை. எழுந்து அப்பாவிடம் விரலை நீட்டி, இனி அணைக்காதே என்று ஒரு பிள்ளையை அதட்டுவதுபோல் சொன்னார்: "யூ. நோ ஃபாதர் நோ ஃபயர்."

அப்பா அன்றைக்கு ரிக்கெற் போடவில்லை. என்றைக்குமே போடவில்லை.

அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தோம். மேல்மாடிக் கட்டளை கடைசிவரை மாறவில்லை. கீழே வாசலில் விளக்கு ஒருநாளும் தவறவில்லை. அம்மா காய்ச்சலாகக் கிடந்த நாட்களில் வீட்டுக்கார அம்மாவே எண்ணெய் விட்டார். எரிகிற மணம் வருகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பட்டபோது, அது தன் மெழுகுதிரி என்று கதவை மறித்து நின்று சொன்னார். ஞாயிறுகளில் வரும் தம் நாட்டவர்களுக்கு அம்மாவைக் காட்டி, "இவளுக்கு எங்கள் வில்னியூஸ் தெரியும்" என்று பெருமையடித்துக்கொள்வார். பாவம், தவறாக நினைத்திருக்கிறார் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் அம்மா, போகிற கலியாண வீடுகளிலெல்லாம், "வெள்ளைக்காரி எண்டாலும் வார்த்தை தந்தால் தந்ததுதான்" என்று அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கி அரை நூற்றாண்டாயிற்று.

மனோர் பார்க்கில் சொந்தவீடு வாங்கிப் போனபோது அம்மா விளக்கை எடுக்கவில்லை. "அது அந்த வாசலுக்கு உரியது" என்றார். பின்பொருநாள் வீட்டுக்கார அம்மா காலமானார். தம் நாடு விடுதலையானதை அவர் காணவில்லை. வீடு கைமாறியது. பென்சில் நகரமும் பித்தளை விளக்கும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. கேட்டுவைத்திருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் தோழியரே, நகரம் இருக்கிறது.

விடுதியிலிருந்து மகள் என்னைக் குன்றின்மேல் கொண்டுபோனாள். செங்கற்கோபுரம் எட்டுப்பட்டை குறையாமல் நின்றது. திரும்பினேன். பக்கத்துக் குன்றில் மூன்று சிலுவைகள் வெள்ளையாக எழுந்து நின்றன. வெடிவைத்துத் தகர்த்தவற்றை மறுபடி கட்டிவிட்டார்களாம். கீழே பெருங்கோவிலின் கூரையில் மூன்று சிலைகளும் மீண்டும் ஏறிவிட்டன. வீட்டுக்கார அம்மாவின் உள்ளங்கை விலகியதுபோல் இருந்தது. அழித்தவர்கள் போய்விட்டார்கள், பென்சில் சொன்னதுதான் மெய்யாயிற்று. கோபித்துக்கொண்ட மணிக்கோபுரம் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது. மகள் போனைப் பார்த்து வாசித்தாள்: "அம்மா, இந்த இடத்திலை முந்தி ஒரு கோவில் இருந்ததாம். நெருப்பு அணையாமல் எரிஞ்சதெண்டு கதையாம்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அம்மா, வெயிற். போன் மப் லோட் ஆகேல்லை."

"மப் எனக்குத் தேவையில்லை. இந்த ஒடுங்கின தெருவாலை போய் இடப்பக்கம் திரும்பினால் சிவப்புக் கோவில்."

"ஹவ் டூ யூ நோ?"

"அஞ்சாம் படி."

இருந்தது. முப்பத்து மூன்று வகைச் செங்கல்லால் கட்டியதாம். முப்பத்து முக்கோடி தேவருக்கும் கோடிக்கு ஒரு வகை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அங்கே வெட்கமில்லாமல் உள்ளங்கையை விரித்து, ஒரு கண்ணை மூடி, அதை ஏந்திப் பார்த்தேன். மகள் படம் பிடித்தாள். பின்பு நகரமண்டபத்தின் தூண்கள். அந்த மனிதர் ஊரை அது இருந்த ஒழுங்கிலேயே சுவரில் தொங்கவிட்டிருந்தார். ஒன்றே வித்தியாசம், எங்கள் படி கீழே இறங்கியது. இந்தத் தெருவோ மெல்ல மேடேறியது. நான் மூட்டுவலியை மறந்து ஏறினேன். ஏனென்றால் எஞ்சியிருந்தது ஒன்றுதான். நகரமண்டபத்துக்கு அப்பால் எங்கள் வீட்டில் இருந்தது முன்கதவு.

தெரு வளைந்தது. அதன் முடிவில், பழைய மதிலில் மிஞ்சியிருக்கும் ஒரேயொரு கோட்டைவாசல். வளைவின்மேல் கோபுர மாடம்போல் ஒரு சிறு கோவில், சாளரம் திறந்து, உள்ளே ஒளி. பொன்னாடை. சரித்த தலை. வெள்ளிப்பிறை. அவள் வெளியே பார்க்கவில்லை. ஊரைப் பார்த்தபடி, ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தபடி இருந்தாள்.

வளைவின் கீழே ஒரு முதியவள் செபமாலை விற்றுக்கொண்டிருந்தாள். நான் மேலே கைகாட்டி, ஐம்பது வருடமாக வாயில் இருந்ததைச் சொன்னேன்: "அவுஷ்ரோஸ் வார்த்தை?"

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் முன்பே கண்டிருக்கிறேன். "வார்த்தை, வார்த்தை" என்று தலையாட்டினாள். ஆனால் அவள் காட்டியது மாதாவை அல்ல. கல்வளைவைக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, இரு கைகளையும் கதவுபோல் சேர்த்து, இருபுறமும் திறந்து காட்டினாள்.

மகள் போனைத் தட்டினாள். "வார்த்தை எண்டால் அவையின்ரை பாசையிலை வாசல் அம்மா. அவுஷ்ரோஸ் எண்டால் விடியலின்ரை. விடியல் வாசல்."

அப்படியென்றால் அன்று ஈஸ்ட் ஹாமில் அந்தப் பெண்மணி எங்களுக்கு எதையும் தரவில்லை. தம் ஊரின் வாசற்பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். அதை அம்மா திருப்பிச் சொன்னதும், இவளுக்கு என் வாசல் தெரியும் என்று மகிழ்ந்துபோனார். ஒரு வாசற்படியில் நின்று இருவரும் அவரவர் மொழியைக் கேட்டார்கள். தாம் தராத வார்த்தையொன்றை ஏழு வருடம் ஒருநாள் தவறாமல் காப்பாற்றியிருக்கிறார் அந்த மனுஷி.

அந்த இடத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். லூயிஷாமில், லண்டன் வந்தபின் பிறந்த என் தம்பியின் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நல்லது. வாசல் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அம்மா, நான் வார்த்தைக்குக் கீழை நிக்கிறன்."

அம்மா போனைக் காதோடு அழுத்தும் சரசரப்புக் கேட்டது.

"விளக்கு எரியுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா. எரியுது."

"எரியாமல்? அவ வார்த்தை தந்தவவெல்லோ."